கரிசல் நாட்டில் தைத்திருநாள்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 'பொங்கல் திருநாள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவரச் சொல்வது எங்கள் வழக்கம். அந்த ஏடுகளைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்புத் தோன்றும். விளாத்திகுளத்துப் பிள்ளைகளும் தஞ்சாவூர்ப் பிள்ளைகளைப் போலவே எழுதியிருப்பார்கள். வயலெங்கும் செந்நெல் தலை சாய்ந்து நிற்கும். உழவர் அதனை அறுத்துக் களம் சேர்ப்பர். வந்த புத்தரிசியைப் புதுப்பானையில் இட்டுப் பொங்குவர். நான் ஏட்டிலிருந்து தலை நிமிர்ந்து, வகுப்பறைச் சாளரத்தின் வழியே வெளியே நோக்குவேன். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கரிசல் மண். அதில் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் நிற்கும். செந்நெல் ஒரு கதிர்கூட இராது.

பிள்ளைகள் பொய் எழுதவில்லை. பாடநூலில் படித்ததை எழுதினார்கள். ஆயினும் ஒரு கேள்வி என் உள்ளத்தில் தங்கிவிட்டது. நெல் விளையாத நாட்டில் பொங்கல் எந்த அறுவடைக்கு உரியது? நாம் நன்றி கூறுவது யாருக்கு? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரையில் உள்ள ஊர். ஆற்றங்கரை என்றவுடன் வாய்க்காலும் வயலும் உங்கள் நினைவில் தோன்றலாம். வைப்பாறு அத்தகைய ஆறன்று. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலைத்தான் காணலாம். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் புரண்டோடி, மன்னார் வளைகுடாவில் கலந்துவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், நாகலாபுரம், புதூர் என இதனைச் சூழ்ந்த ஊர்கள் யாவும் வானம் பார்த்த பூமியே. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. கரிசல் மண்ணின் இயல்பு தனி. கோடையில் கால் புதையும் அளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ, அந்த ஈரத்தைக் கருமியின் கைப்பொருள்போல இறுகப் பிடித்துவைத்து, பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். ஏற்றமும் கமலையும் இல்லாமல் பருத்தி விளைந்தது இந்தக் குணத்தினாலேதான். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை அமைக்கப்பட்டதற்கும் இம்மண்ணும் இதில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியுமே காரணம் எனலாம்.

புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் மார்கழிக் கடைசியில் நெற்றாகிவிடும். கம்பு தை மாதத்தில் களத்துக்கு வரும். சோளமும் மல்லியும் அதனைத் தொடரும். பருத்தி மட்டும் மாசிக்குப் பிறகே வெடிக்கும். ஆகவே, நெல் இல்லை என்பதனால் இங்கே அறுவடை இல்லை என்று எண்ணிவிடலாகாது. தை பிறக்கும்பொழுது எங்கள் களங்களிலும் புதுத் தானியம் வந்து விழுந்துகொண்டிருக்கும். ஆனால் பொங்கற் பானைக்குள் விழுந்தது மட்டும் அந்தத் தானியம் அன்று. நான் சிறுவனாக இருந்த 1960-களில், நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் உரிய பண்டம். மற்ற நாட்களில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு. கண்மாய் நீரில் விளைந்த சிறிதளவு நெல்லையோ, தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த நெல்லையோ விலை கொடுத்து வாங்கிப் பொங்கலுக்கென்று குத்தி வைப்பார்கள். தன் களத்துத் தானியத்தைக் குலுக்கையில் அடைத்துவிட்டு, பிறர் நாட்டு அரிசியைக் கொண்டு நன்றி செலுத்தினான் கரிசல் உழவன். அரிசி எங்களுக்கு விருந்தாளி.

இது தொன்றுதொட்டு வந்த முறைதானா? பழைய நூல்களைப் புரட்டிப் பார்ப்போம்.

புறநானூற்றின் 168-ஆம் பாட்டு பிட்டங்கொற்றன் என்னும் தலைவனைப் புகழ்வது. அதிலே ஒரு மலைநாட்டுக் காட்சி வருகிறது. காட்டுப்பன்றி கிளறிய புழுதியில், ஏர் பூட்டி உழாமலே, நல்ல நாள் பார்த்துக் குறவர் தினை விதைக்கிறார்கள். முதல் விளைச்சல் வருகிறது. அதனைப் புதிதாக உண்ணும் நாளில், காட்டுப் பசுவின் பாலைக் கறந்து, பானையில் உலையேற்றி, சந்தன விறகிட்டு எரித்து, புதுத்தினையைச் சமைத்து, வீட்டு முற்றத்தில் அகன்ற வாழையிலையில் பகிர்ந்து உண்கிறார்கள். புது விளைச்சல், பால், பானை, முற்றம், வாழையிலை, பகுத்துண்ணல். இன்றைய பொங்கலில் நாம் காண்பவை பலவும் அங்கே இருக்கின்றன. அந்தப் பானையில் வெந்தது மட்டும் நெல்லரிசி அன்று, தினை. மான் இறைச்சி புழுக்கிய பானையைக் கழுவாமலே உலை ஏற்றினார்கள் என்று புலவர் சொல்வதையும் நான் மறைக்க விரும்பவில்லை. வகுப்பில் அந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தக் காட்சியே பொங்கல் திருநாள் என்று நான் துணிந்து கூற மாட்டேன். அதற்குத் தை முதல் நாள் என்ற குறிப்பு அங்கே இல்லை. ஆனால் புதிது உண்ணும் விழா நெல்வயலில் மட்டும் தோன்றியதன்று. புன்செய்த் தானியத்துக்கும் அதில் பழைய உரிமை உண்டு என்பதற்கு அப்பாட்டு போதிய சான்று. பிற்காலத்துச் சீவக சிந்தாமணியிலோ, மகளிர் புதுக்கலத்தில் பால் பொங்கலிடும் காட்சியும் பொங்கல் என்னும் சொல்லும் ஒருங்கே வருகின்றன.

நெல்லின் பழமையையும் குறைத்துப் பேசுதல் ஆகாது. நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, தாமிரபரணிப் பகுதியைச் சேர்ந்த சிவகளையில், ஈமத்தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளை அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஆராய்ந்தனர். அவை கி.மு. 1155-ஆம் ஆண்டளவைச் சார்ந்தவை என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இறந்தவரோடு நெல்லை வைத்துப் புதைத்த மக்கள், அதனை எவ்வளவு உயர்ந்த பொருளாகக் கருதியிருக்க வேண்டும்! ஒரே மாவட்டத்தில் தெற்கே ஆற்றங்கரையில் நெல். வடக்கே கரிசலில் கம்பும் சோளமும். தெற்கின் பெருமை வடக்கின் பானைக்குள் எப்படியோ வந்து புகுந்துவிட்டது.

தை மாதத்துக்கும் சங்க நூல்களில் தனியிடம் உண்டு. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு ஆகியவற்றில் தை மாதத்துக் குளிர்ந்த நீரைப் பற்றியும், இளம்பெண்கள் அதில் நோன்பு மேற்கொண்டு நீராடுவதைப் பற்றியும் குறிப்புகள் வருகின்றன. பரிபாடலில் வையையாற்றுத் தைந்நீராடல் விரிவாகவே பாடப்பட்டுள்ளது. இதனைப் படிக்கும்போது எனக்கு நம் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கல் நினைவுக்கு வரும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களில் இவ்வழக்கம் உண்டு. மார்கழி முழுவதும் சிறுமியர் விடியற்காலையில் எழுந்து வாசலில் கோலமிட்டு, சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பர். மாலையில் அதை எடுத்துத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பர். மண்ணால் சுவர் எழுப்பி, முழ உயரத்தில் ஒரு சிறுவீடு கட்டுவர். தையில் ஒரு நாள் அந்த வீட்டின் முன் தாங்களே பொங்கலிட்டு, சேர்த்துவைத்த எருத்தட்டுகளையும் பொங்கற்சோற்றையும் ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துச் சென்று நீரில் விடுவர். பெண்பிள்ளைகளும், நீர்நிலையும், தை மாதமும் இரண்டிலும் ஒன்றுபட்டு வருதல் காண்க. இரண்டும் ஒன்றே என்று நிலைநாட்டுதற்குச் சான்று போதாது. இணைத்து எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

போகியைப் பற்றி ஒரு சொல். போகி என்பது இந்திரனுக்குரிய பெயர். ஆதலால் போகிப் பண்டிகை புகார் நகரத்து இந்திர விழாவின் மிச்சம் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் பல ஆண்டு அவ்வாறே கற்பித்தேன். சிலப்பதிகாரத்தை மீண்டும் கருத்தூன்றிப் படித்தபோதுதான் என் தவறு விளங்கிற்று. அங்கே இந்திர விழா சித்திரைத் திங்களில் நடைபெறுவது. மார்கழிக் கடைசியில் அன்று. பெயர் ஒற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு வரலாறு எழுதலாகாது என்பதை நானே என் செலவில் கற்றுக்கொண்டேன்.

இனி நாளின் கணக்கு. தை முதல் நாளைச் சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்கிறோம். ஆனால் வான நூலின்படி அத்திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15-இல். இடையே மூன்று வாரத்துக்கு மேல் வேறுபாடு எப்படி வந்தது? சுழலும் பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் பூமியின் அச்சும் அப்படித் தலையாட்டுகிறது. ஒரு முறை ஆடி முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகின்றன. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணிப்பது. ஆதலின், பருவகாலத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் இடையே சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகல் ஏற்படுகிறது. சுவாமி விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார். அது ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி 14-க்கும் 15-க்கும் நகர்ந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் திரும்பும் நாளும் தை முதல் நாளும் ஒன்றாகவே இருந்திருக்கும். கணக்குப் பாடத்தில் விருப்பமில்லாத மாணவருக்கும் இக்கணக்குப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

தை முதல் நாள்தான் ஆண்டின் தொடக்கமா, சித்திரை முதல் நாளா என்னும் வழக்கு ஒன்று உண்டு. 2008-இல் தமிழ்நாட்டில் தைக்கு ஆதரவாகச் சட்டம் இயற்றப்பட்டு, 2011-இல் அது நீக்கப்பட்டதை அறிவீர்கள். அவ்வழக்கில் இன்று நான் புகப் போவதில்லை. கரிசல் உழவனுக்கு ஆண்டு பிறப்பது புரட்டாசியில், முதல் விதை மண்ணில் விழும்போது என்பது என் எண்ணம்.

நூல்களை விட்டு வீட்டு முற்றத்துக்கு வருவோம். எங்கள் ஊர்ப்பக்கம் பொங்கலுக்கு முன்னரே, கண்மாய் மண்ணைக் குழைத்து மூன்று கட்டிகள் செய்து காயவைப்பார்கள். பொங்கல் கட்டி என்பது அவற்றின் பெயர். சுண்ணாம்பு பூசி, அதன்மேல் செங்காவிப் பட்டை தீட்டி, முற்றத்தில் முக்கோணமாக வைத்தால் அதுவே அடுப்பு. எரிப்பதற்குப் பனை ஓலை. ஓலை விரைந்து எரியும். ஆதலால் ஒருவர் அடுப்பின் முன் அமர்ந்து ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. புகையால் கண் சிவந்து நீர் வடிய, பால் பொங்கும் கணத்தை மட்டும் தவறவிடாமல் பார்த்துவிடுவேன். பால் பொங்கியதும் பெண்கள் குலவையிடுவார்கள். ஒரு வீட்டுக் குலவை அடங்குமுன் அடுத்த வீட்டில் எழும். அது தெரு முழுவதும் ஓடும். சர்க்கரைப் பொங்கலுக்கு இனிப்புத் தந்தது வேம்பார்ப் பக்கத்துப் பனங்கருப்பட்டி. கரும்புக்கு இணையாகப் பனங்கிழங்கும் படையலில் இடம்பெறும். அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவே உள்ள குருத்தைக் கிள்ளித் தின்பது சிறுவருக்குத் தனி இன்பம். பாருங்கள், அரிசி ஒன்று நீங்கலாக அடுப்பும் எரிபொருளும் இனிப்பும் இந்த மண்ணிலிருந்து வந்தவையே. அவற்றிலும் பாதி பனைமரம் கொடுத்தது. பனைக்கு ஒரு பொங்கல் வைக்க யாருக்கும் தோன்றாமற் போனது ஏன் என்று நான் எண்ணுவதுண்டு.

முதல் நாள் மாலையில் வீட்டு நிலையிலும் புஞ்சையிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவர். தெலுங்கு பேசும் குடும்பங்கள் எங்கள் பக்கம் மிகுதி. அவர்கள் சங்கராந்தி என்பார்கள். அடுப்பும் பானையும் ஒன்றே. கிறித்தவ ஊர்களிலும் கோயில் முற்றத்தில் பொங்கலிடுதல் உண்டு.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் நாட்டுக்கு உயிரான நாள் இதுவே. மதுரைப் பக்கத்தில் ஏறு தழுவுதல் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது எங்களுக்கு மாட்டுவண்டிப் பந்தயம். ஈரம் காயுமுன் உழுது விதைத்துவிட வேண்டிய மண் கரிசல். இரண்டு நாள் தாழ்ந்தால் ஓராண்டு விளைச்சல் போயிற்று. ஆகவே ஓட்டமும் உரமும் உள்ள காளைக்கு இங்கே மதிப்பு மிகுதி.

எனக்குப் பத்து அல்லது பதினொரு வயது இருக்கும். அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. முதல் விதைப்பு முளைத்துக் கருகிற்று. கடன் வாங்கி இரண்டாம் முறை விதைத்தது முளைக்கவே இல்லை. தீவனத்துக்கு வழியில்லாமல், கார்த்திகையில் எங்கள் உழவுமாடு இரண்டில் ஒன்றை ஐயா சந்தையில் விற்றுவிட்டார். பொங்கல் வந்தது. வீட்டில் களத்துத் தானியம் ஒரு படிகூட வரவில்லை. அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசியில் பாட்டி பொங்கல் வைத்தார். மறுநாள் எஞ்சிய ஒற்றை மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டினோம். ஏர், மேழி, நுகத்தடி எல்லாவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த பாட்டி, விற்றுவிட்ட மாடு கட்டியிருந்த முளைக்குச்சிக்கும் பொட்டு வைத்தார். எனக்குச் சினம் வந்தது. விளைச்சலே இல்லாதபோது இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"மழை பேயலைன்னா மாடு என்னலே செய்யும்? அது உழுத உழவு உழுததுதானே" என்றார் பாட்டி.

நன்றி என்பது கிடைத்த பொருளுக்குக் கொடுக்கும் விலை என்று நான் எண்ணியிருந்தேன். செய்த உழைப்புக்கு உரியது அது என்று எழுத்தறியாத என் பாட்டி எண்ணியிருந்தார். ஐயா அன்று பகல் முழுவதும் வீட்டில் இல்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் உலகில் பல நாடுகளில் உண்டு. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து சென்று அமெரிக்காவின் பிளிமத் என்னுமிடத்தில் குடியேறிய மக்கள், 1621-இல் முதல் விளைச்சலை எடுத்து விருந்து கொண்டாடினர். அந்த விளைச்சலின் சோளத்தை—நாம் மக்காச்சோளம் என்பதை—எப்படி நடுவது என்று கற்றுக்கொடுத்தவர் அந்நாட்டுப் பழங்குடியினரான திசுகுவாண்டம். வாம்பனோக் என்னும் பழங்குடி மக்களும் அவ்விருந்தில் கலந்துகொண்டனர். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நாடு முழுவதற்குமான நன்றியறிதல் நாளாக அறிவித்தார். 1941-இல் இயற்றிய சட்டம் அதனை நான்காம் வியாழன் ஆக்கியது. ஆனால் விதைக்கக் கற்றுக்கொடுத்தவரின் நிலம் பின்னர் அவர்களிடம் எஞ்சவில்லை. அதனால் 1970 முதல் பழங்குடி மக்கள் அதே நாளில் அதே பிளிமத்தில் கூடித் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். ஜப்பானில் கதை வேறு விதம். புதுநெல்லை மன்னர் தெய்வத்துக்குப் படைக்கும் பழம்பெரும் சடங்கு நவம்பர் 23-இல் நடைபெறும். போருக்குப் பின், 1948-இல் இயற்றிய சட்டத்தால், அந்த நாள் உழைப்புக்கு நன்றி கூறும் நாள் என்று பெயர் பெற்றது. ஒரு நாட்டில் நன்றி பெற வேண்டியவர் வெளியே நின்றார். மற்றொரு நாட்டில் உழைப்பவரின் பெயரே நாளின் பெயர் ஆயிற்று.

நம் நாட்டில் எப்படி? சுதந்திரம் என்ற சொல்லுக்கு விடுதலை என்றுதான் நீங்கள் பொருள் சொல்வீர்கள். நம் முன்னோர் களத்துமேட்டில் அச்சொல்லை வேறு பொருளில் வழங்கினர். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலிய ஊர்த் தொழிலாளருக்கு, ஆண்டு முழுதும் செய்த பணிக்காகக் களத்தில் அளந்து கொடுக்கும் தானியப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். தூற்றிக் குவித்த பொலியிலிருந்து, சொந்தக்காரன் வீட்டுக்கு ஒரு மூட்டை போகுமுன்பே அது அளக்கப்படும். பிச்சையன்று, உரிமை என்பதைச் சொல்லே காட்டுகிறது. அழகிய ஏற்பாடு என்று சொல்லி இவ்விடத்தில் பாடத்தை முடித்துவிடுவது எளிது. நானும் பல ஆண்டு அப்படித்தான் முடித்தேன்.

எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். உழுதவர் அவர், விதைத்தவர் அவர், விற்ற மாட்டைச் சந்தைவரை ஓட்டிச் சென்று, கயிற்றை மட்டும் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டியதும் கொம்பு தீட்டியதும் அவர்தாம். நாங்கள் உடன் நின்றோம். பொங்கல் வெந்ததும் முதற்பங்கைப் பித்தளைத் தாம்பாளத்தில் இட்டு மாட்டுக்கு ஊட்டினோம். பிறகு அவருக்கு. அவர் தெருவில் நின்று பனை ஓலைப் பட்டையை நீட்டுவார். நான் திண்ணையில் நின்றபடி, கை படாமல், உயரத்திலிருந்து போடுவேன். அவ்வாறுதான் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் வயதில் பாதிகூட இல்லாத அந்த முற்றத்து மாடு தாம்பாளத்தில் தின்றது. என்னைத் தோளில் சுமந்து திரிந்தவர் தெருவில் நின்று ஓலையில் வாங்கினார். அந்த நாளில் அது என் கண்ணில் படவே இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அது என் கண்ணில் பட்டது, நான் ஆசிரியனாகிப் பல ஆண்டு கழிந்த பிறகு. வழக்கம்போலப் பொங்கல் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏட்டில் செந்நெல்லும் இல்லை, புத்தரிசியும் இல்லை. "எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஆனால் எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் நிறைய மாட்டுப் பொங்கல் வைத்திருக்கிறார். எல்லாம் பிறர் வீட்டு மாடு" என்று எழுதியிருந்தான். அந்தத் தாத்தா யார் என்று எனக்குத் தெரியும். இரண்டிடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருந்தான், அதைத் திருத்தினேன். வேறொன்றும் எழுதக் கை வரவில்லை.

அடுத்த ஆண்டு முதல் எங்கள் பள்ளியில் விடுமுறைக்கு முந்தின நாள் பொங்கலிடத் தொடங்கினோம். அரிசி வேண்டா, அவரவர் வீட்டில் உள்ள தானியத்தில் ஒரு கைப்பிடி கொண்டுவாருங்கள் என்றேன். கம்பு வந்தது, குதிரைவாலி வந்தது, பாசிப்பயறு வந்தது. நியாயவிலைக் கடை அரிசியும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டால் ஒன்றாக வேகாது என்று சத்துணவுக் கூடத்து அம்மாள் எச்சரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று: பயறு குழைந்தது, கம்பு கடித்தது. இருந்தும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் ஒரே விதமான இலையில் உண்டோம். முதல் இலையை யாருக்குப் போடுவது என்று ஆசிரியர்களிடையே பேச்சு எழுந்தது. பிள்ளைகள் காத்திராமல், பானையைக் கிண்டிய அந்த அம்மாளையே இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

இன்று எங்கள் பக்கத்துப் புஞ்சைகளில் பெரும்பாலும் மக்காச்சோளம் நிற்கிறது. உழுவது டிராக்டர். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றது. 2023 டிசம்பரில் இம்மாவட்டம் இதுவரை காணாத மழை பெய்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வறட்சிக்குப் பழகிய கரிசற் பயிர்களும் நீரில் மூழ்கின. அடுத்த மாதம் வந்த பொங்கலுக்கு எங்கள் தெருவில் பல வீடுகளில் களத்துத் தானியம் இல்லை, மாடும் இல்லை. அன்றும் பொங்கல் கட்டிக்குச் சுண்ணாம்பு பூசினார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தலைமையாசிரியன் வேறென்ன தருவான்! இன்று இரவு உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவர்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது பொங்கற்பானையில் என்ன தானியம் வெந்தது? அது யாருடைய நிலத்தில் விளைந்தது? அவர்கள் எந்த இடத்தில் நின்று, எதில் அதை வாங்கி உண்டார்கள்? சொன்னதைச் சொன்னபடியே ஏட்டில் எழுதி வையுங்கள். பாடநூலைப் பார்த்து எழுத வேண்டா.